வெப்பக்கொள் வினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பில் இரண்டு பத்தியாக வந்துபோகும் பாடம் இது. பதினொன்றாம் வகுப்பில் என்தால்பி (பொருளின் வெப்ப உள்ளடக்கம்) என்ற பெயரோடு மறுபடி வரும்போது, எது கூட்டல் எது கழித்தல் என்றுகூட பலருக்கு நினைவிருக்காது. குறியை மட்டும் மனப்பாடம் செய்ததன் விளைவு அது. வெப்பம் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்று ஒருமுறை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டால் குறி தானே வந்து நிற்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியையே பல பக்கங்களிலிருந்து கேட்கின்றன.

வெப்பக்கொள் வினை என்றால் என்ன?

நடக்கும்போது சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் வினை. வெப்பத்தை வெளியே விட்டால் அது வெப்ப உமிழ் வினை. இலங்கைப் பாடநூல்கள் இவற்றை அகவெப்பத் தாக்கம், புறவெப்பத் தாக்கம் என்கின்றன. சொல் வேறு, பொருள் ஒன்று.

எது எது என்று ஒவ்வொரு முறையும் மாறிவிடுகிறது. நினைவில் வைக்க வழி உண்டா?

ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு 'எண்டோ', 'எக்ஸோ' என்ற கிரேக்க முன்னொட்டுகளைத் தனியாக நினைவு வைக்க வேண்டிய வேலை உண்டு. தமிழில் படிப்பவர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 'கொள்' என்றால் வாங்கிக்கொள்; 'உமிழ்' என்றால் துப்பு. பெயரிலேயே விடை இருக்கிறது. இலங்கை மாணவர்களுக்கும் அப்படித்தான்: அகம் உள்ளே, புறம் வெளியே.

குறிக்கும் ஒரு வழி சொல்லலாம். கொள், கூட்டல், குளிர்ச்சி. மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. வெப்பத்தைக் கொள்ளும் வினைக்கு டெல்டா ஹெச் (என்தால்பி மாற்றம்) கூட்டல் குறி, தொட்டால் குளிர்ச்சி. உமிழ் வினைக்கு இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்தை வாங்கிக்கொள்கிற வினை சூடாகத்தானே வேண்டும்? ஏன் குளிர்கிறது?

இந்தப் பாடத்தில் நிஜமாகவே யோசிக்க வைக்கும் கேள்வி இது ஒன்றுதான். இதற்குப் பதில் தெரிந்தவர் மற்றதில் தடுமாறுவதில்லை.

வீட்டில் இருக்கும் ரொக்கத்தை எடுத்து நகை வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் நகை கூடும். பையில் ரொக்கம் குறையும். வெப்பமானி எண்ணிச் சொல்வது ரொக்கத்தை மட்டும். மூலக்கூறுகள் அசைந்து ஓடும் வேகம்தான் அந்த ரொக்கம். வினை அதிலிருந்து எடுத்து, பொருளுக்குள் வேதி ஆற்றலாகப் பூட்டி வைக்கிறது. உள்ளே பூட்டிய ஆற்றல் கூடியதால் டெல்டா ஹெச் கூட்டல். வெளியே ஓடும் வேகம் குறைந்ததால் வெப்பநிலை இறக்கம். இரண்டும் ஒரே கொடுக்கல் வாங்கலின் இரண்டு பக்கம்.

வெப்பமானியின் குமிழ் முங்கியிருக்கும் தண்ணீர் வினையின் 'சூழல்' என்பதை மறந்துவிட வேண்டாம். கரைசலுக்குள்ளேயே இருப்பதால் தண்ணீரும் வினையைச் சேர்ந்ததுதான் என்று தோன்றும். கணக்குக்கு அது சூழல். கடன் கொடுத்த பக்கம். கடன் கொடுத்தவர் கை காலியாவதைத்தான் நாம் குளிர்ச்சியாக உணர்கிறோம்.

சூடு காட்டினால்தான் நடக்கும் என்றால் அது வெப்பக்கொள் வினையா?

இல்லை. தேர்வில் அதிக மதிப்பெண் போகிற இடம் இது. தீக்குச்சியை உரசாமல் எரியாது. மத்தாப்பைக் கொளுத்தாமல் பொறி பறக்காது. இரண்டும் கடைந்தெடுத்த வெப்ப உமிழ் வினைகள். தொடக்கத்தில் கொடுத்த சூடு, கிளர்வு ஆற்றல் என்ற மேட்டைத் தாண்டுவதற்கான உந்து மட்டுமே.

எளிய சோதனை: தொடங்கிய பிறகு அடுப்பை அணைத்துப் பாருங்கள். இரும்புத்தூள் 7 கிராம், கந்தகம் 4 கிராம் கலந்து சோதனைக் குழாயின் ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே செந்தணல் பிடிக்கும். விளக்கை எடுத்துவிட்டாலும் அந்தத் தணல் தானே குழாய் முழுக்க ஊர்ந்து போகும். அது உமிழ் வினை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது தீயை எடுத்தால் வினை அங்கேயே நின்றுவிடும். அது கொள் வினை.

அப்படியென்றால் சூடே காட்டாமல் தானாக நடக்கும் கொள் வினை எப்படிச் சாத்தியம்?

எண்டோதெர்மிக், எக்ஸோதெர்மிக் என்ற இரண்டு சொற்களையும் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோவுக்கே இது சரியாகப் பிடிபடவில்லை. தானாக நடக்கும் மாற்றங்கள் அதிக வெப்பத்தை வெளியிடும் திசையிலேயே போகும் என்று அவர் வாதிட்டார். நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடை, தண்ணீரில் போட்டால் யாரும் தள்ளாமலே கரைகிறது, குவளையும் குளிர்கிறது. அவருடைய விதி இங்கே உடைகிறது.

விடுபட்டது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு. படிகத்தில் வரிசையாக அடைந்து கிடந்த அயனிகள் கரைசலில் கலைந்து திரிகின்றன. அந்தக் கலைவுக்கும் ஒரு விலை உண்டு. அம்மோனியம் குளோரைடு கரைவதற்கு மோலுக்கு ஏறத்தாழ 14.8 கிலோஜூல் வேண்டும். 25 டிகிரியில் என்ட்ரோபி உயர்வு அதற்கு ஈடாகத் தருவது 22 கிலோஜூலுக்குச் சற்று மேல். வாங்கியதைவிட ஈடு அதிகம். எனவே கட்டிலா ஆற்றல் மாற்றம் (வாங்கியதிலிருந்து ஈட்டைக் கழித்தது) கழித்தல் குறியில் வருகிறது, வினை தானாக நடக்கிறது.

இதே கணக்கு சுண்ணாம்புக்கல் ஏன் அறை வெப்பநிலையில் கல்லாகவே கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடும். அதன் சிதைவுக்கு மோலுக்கு 178 கிலோஜூல் வேண்டும். என்ட்ரோபி உயர்வு கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல்தான்; அதைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்கினால் வருவதே ஈடு. 178,000ஐ 160ஆல் வகுத்தால் சுமார் 1,110 கெல்வின், அதாவது ஏறத்தாழ 840 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையைத் தாண்டினால்தான் சிதைவு மேலோங்கும்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும் என்கிறார்களே?

தவறு. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவானால் எப்போதும் ஆற்றல் வெளிவரும். விதிவிலக்கு தேட வேண்டாம். உடைக்கும் செலவு உருவாகும் வரவைவிட அதிகமானால் கொள் வினை.

ஒரு கணக்கு: நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு மோல் நைட்ரிக் ஆக்சைடு. நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பை உடைக்க 945, ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்புக்கு 498, மொத்தச் செலவு 1,443 கிலோஜூல். நைட்ரிக் ஆக்சைடின் பிணைப்பு ஒன்றுக்கு 631 வீதம் இரண்டுக்கு வரவு 1,262. பற்றாக்குறை 181. குறி கூட்டல், கொள் வினை. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் இந்த இரண்டு வாயுக்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று வினைபுரியாமல் இருப்பதற்கு அந்த மும்மைப் பிணைப்பின் உறுதியே முதல் காரணம். மின்னல் வெட்டும் இடத்திலும் வண்டி எஞ்சினுக்குள்ளும்தான் அதை உடைக்கும் சூடு கிடைக்கிறது.

கணக்குப் போடும்போது 'உடைந்தது கழித்தல் உருவானது' என்ற வரிசையை மாற்றாதீர்கள். மற்ற என்தால்பிக் கணக்குகளில் 'விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்' என்று பழகியிருப்பதால் பலர் இங்கும் அதையே போட்டுக் குறியைத் தலைகீழாக்குகிறார்கள். உருவாதல் என்தால்பி தந்திருந்தால் ஒரு வரிசை, பிணைப்பு ஆற்றல் தந்திருந்தால் எதிர் வரிசை.

ஆற்றல் வரைபடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

விளைபொருளின் கோடு வினைபடுபொருளின் கோட்டைவிட மேலே இருக்க வேண்டும். டெல்டா ஹெச் அம்புக்குறி கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு. கிளர்வு ஆற்றல் அம்பு வினைபடுபொருளின் கோட்டிலிருந்து மேட்டின் உச்சிக்கு. விளைபொருளிலிருந்து வரைந்தால் அது பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல் ஆகிவிடும். கொள் வினையில் முன்னோக்குக் கிளர்வு ஆற்றல் ஒருபோதும் டெல்டா ஹெச்சைவிடக் குறையாது. டெல்டா ஹெச் 180, கிளர்வு ஆற்றல் 250 என்றால் பின்னோக்குக்கு 70. கேள்வியில் கிளர்வு ஆற்றல் 150, டெல்டா ஹெச் கூட்டல் 180 என்று ஒரு விடை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தவறென்று அடித்துவிடலாம்.

வகுப்பில் செய்துகாட்ட நல்ல சோதனை எது?

அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் இதுதான். ஆய்வுக்கூட வகையே சோதனைக்குச் சுத்தம்.

தெர்மாகோல் குவளை ஒன்று (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வைத்தால் இன்னும் நல்லது), அதைச் சாயாமல் நிறுத்த ஒரு பீக்கர், 100 மில்லி தண்ணீர், 10 கிராம் அம்மோனியம் குளோரைடு உப்பு, வெப்பமானி, கலக்கக் கண்ணாடிக் குச்சி. தண்ணீரைக் குவளையில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் விட்டு வெப்பநிலையைக் குறியுங்கள். உப்பை ஒரே தடவையாகக் கொட்டி நிற்காமல் கலக்குங்கள். கால் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதுங்கள். ஆறு டிகிரி அளவுக்கு இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும்.

கணக்கு இப்படி. கரைசலின் நிறை 110 கிராம், தன்வெப்பம் தண்ணீருக்குரிய 4.18 என்றே எடுத்துக்கொண்டு, இறக்கம் 6 டிகிரி என்றால்: 110 × 4.18 × 6 = 2,759 ஜூல். உப்பின் மோல் எண்ணிக்கை 10ஐ 53.5ஆல் வகுத்து 0.187. மோலுக்கு 14.8 கிலோஜூல் கிடைக்கும்.

கணக்கு சரி, ஆனால் எங்களுக்கு விடை எப்போதும் குறைவாகவே வருகிறதே?

வரும். குளிர்ந்த குவளைக்குள் அறையின் வெப்பம் கசிந்து வந்துகொண்டே இருப்பதால் நீங்கள் பார்க்கும் இறக்கம் உண்மையான இறக்கத்தைவிடக் குறைவு. 5.5 டிகிரி கிடைத்தாலே விடை 13.5 ஆகிவிடும். கண்ணாடிப் பீக்கரில் செய்தால் கண்ணாடியும் தன் பங்குக்கு வெப்பம் தரும். உப்பு கட்டி தட்டிப் போயிருந்தால் கரைய நேரமாகும். அந்த நேரத்தில் கசிவும் கூடும். கட்டியை முன்பே பொடித்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்த புட்டியில் உப்பு ஈரம் இழுத்திருந்தால் நிறுத்த 10 கிராமில் கொஞ்சம் தண்ணீர்.

அறை வெப்பநிலையைத் தண்ணீரின் தொடக்க வெப்பநிலையாக எழுதிவிடுவது இன்னொரு தவறு. குழாய்த் தண்ணீர் அறையைவிட இரண்டு டிகிரி குளிராக இருந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு தப்பாகும். வெப்பமானியைக் குவளையின் அடியில் இடித்து வைத்தால், கரையாமல் தங்கிய உப்புக்கு அருகே உள்ள குளிரைக் காட்டி ஏமாற்றும்.

வெப்பநிலை–நேரம் வரைபடம் போட்டு, ஏறத் தொடங்கிய பகுதியின் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, உப்பைக் கொட்டிய நேரத்தில் அது எங்கே வெட்டுகிறதோ அதையே இறுதி வெப்பநிலையாக எடுத்தால் கசிவின் தவறு பெரும்பாலும் போய்விடும்.

சிலர் நிறையை 100 கிராம் என்று போடுகிறார்கள், சிலர் 110 என்று. கரைசலின் நிறையை எடுப்பதே பொருத்தம். ஆனால் உங்கள் பாடத்திட்டம் எதைச் சொல்கிறதோ அதை எழுதி, எடுத்த எண்ணை விடைத்தாளில் குறிப்பிட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பொருளை வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். உரக்கடை யூரியா 20 கிராமை 100 மில்லி தண்ணீரில் கலக்கினால் ஏறத்தாழ பத்து டிகிரி இறங்கும். இந்தியாவில் விற்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பதால் தண்ணீர் சற்றுக் கலங்கும். சோதனைக்கு அதனால் கெடுதல் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தில் மட்டும் செய்ய வேண்டாம்.

சமையல் உப்பில் செய்து ஏமாந்தவர்கள் நிறைய. அதுவும் கொள் மாற்றம்தான். ஆனால் படிகத்தைப் பிரிக்க மோலுக்கு 788 கிலோஜூல் செலவு, நீரேற்றத்தில் 784 வரவு, மிச்சம் 4 மட்டுமே. 10 கிராம் போட்டால் ஒன்றரை டிகிரிகூட இறங்காது. கை அதை உணராது.

கரைவது வேண்டாம், உண்மையான வேதிவினைதான் வேண்டும் என்றால் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேளுங்கள். 50 மில்லி தண்ணீரில் 7 கிராம் அமிலத்தைக் கரைத்து, வெப்பநிலை நிலைத்த பின் 8 கிராம் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கணக்குப்படி பத்து டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும்; நுரை அறையின் வெப்பத்தைக் கலந்துவிடுவதால் கைக்குக் கிடைப்பது குறையும். இரண்டு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். எனவே பெரிய குவளையில் செய்யுங்கள். மூடிய புட்டியில் கூடவே கூடாது, வெடித்துத் தெறிக்கும். பேக்கிங் பவுடரை வாங்கி வந்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவோரும் உண்டு. அதில் மாவும் அமில உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கிறது, சோடாவின் பங்கு குறைவு.

பேரியம் ஹைட்ராக்சைடு சோதனை ஏன் அவ்வளவு பிரபலம்?

இரண்டு உலர்ந்த பொடிகள். கலந்த சில நிமிடத்தில் ஈரக்கூழாகி, வெப்பநிலை சுழிக்கும் கீழே போய்விடும். மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் 2 கிராம் பேரியம் ஹைட்ராக்சைடும் 1 கிராம் அம்மோனியம் குளோரைடும் சோதனைக் குழாயில் கலந்து அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். மேசையில் செய்துகாட்டும்போது 32 கிராமும் 11 கிராமும் எடுத்து, ஈரம் தடவிய மரப்பலகை மேல் குடுவையை வைத்துக் கலக்குவார்கள். தண்ணீர் உறைந்து பலகை குடுவையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். கொள் வினையை இதைவிட நன்றாகக் கண்ணுக்குக் காட்டும் சோதனை பள்ளியில் வேறு இல்லை.

வேலை செய்யவில்லையா? புட்டியின் சீட்டைப் பாருங்கள். எட்டு நீர் மூலக்கூறு கொண்ட படிகம்தான் வேண்டும். அந்தப் படிகநீர் வெளியே வந்துதான் பொடி கூழாகிறது. கூழானால்தான் அயனிகள் சந்திக்கின்றன. நீர் நீக்கிய வகை மந்தமாகவே இருக்கும்.

பேரியம் சேர்மங்கள் வாய்க்குள் போனால் நஞ்சு. அம்மோனியா வாயு வேறு மூக்கைத் துளைக்கும். சன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு, ஆசிரியர் முன்னிலையில் மட்டும். வீட்டுச் சோதனைப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டாம்.

மண்பானைத் தண்ணீர், வியர்வை: இவை வெப்பக்கொள் வினைகளா?

வெப்பத்தைக் கொள்கின்றன, ஆனால் வினை இல்லை. தண்ணீர் ஆவியானாலும் தண்ணீர்தான். புதுப் பொருள் எதுவும் வரவில்லை. அதை வெப்பக்கொள் மாற்றம் என்று எழுதுங்கள். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2.4 கிலோஜூல் போகிறது. ஐஸ் உருகுவதும் இந்த வகை. குல்ஃபி பெட்டியில் ஐஸோடு உப்பு போடும்போது வரும் கடுங்குளிருக்கும் ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பமே பெரும்பங்கு.

உப்பு, யூரியா கரைவது கொஞ்சம் நடுவாந்தரம். பெரும்பாலான பாடநூல்கள் கரைதலை இயற்பியல் மாற்றமாகவே வைக்கின்றன. 'வினைக்கு எடுத்துக்காட்டு தருக' என்றால் கரைதலை எழுதாமல் சுண்ணாம்புக்கல் சிதைவையோ பேரியம் ஹைட்ராக்சைடு வினையையோ எழுதுவது பாதுகாப்பு.

எப்போது கேட்டாலும் மறக்காத ஓர் எடுத்துக்காட்டு?

சுண்ணாம்பு. இதை முழுச் சுற்றாகப் பிடித்துக்கொண்டால் கொள் வினை, உமிழ் வினை, ஹெஸ் விதி மூன்றும் ஒரே கல்லில்.

காளவாயில் சுண்ணாம்புக்கல்லை அடுக்கி 900 டிகிரி அளவில் சுடுகிறார்கள். 100 கிராம் கல், 44 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விட்டு, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாக நிற்கும். வினைக்கு மட்டும் 178 கிலோஜூல் உள்ளே போயிற்று. 30 டிகிரியில் இருக்கும் 600 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. கல்லை அந்தச் சூட்டுக்கு ஏற்ற ஆகும் விறகு தனி.

அந்த 178 எங்கே போயிற்று? கல்லுக்குள் பூட்டியிருக்கிறது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது பாருங்கள்: புஸ்ஸென்று இரைந்து, வெடித்து, தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அடுப்பே இல்லை. 64 கிலோஜூல் வெளியே வந்துவிட்டது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சுவருக்கு அடிக்கும் வெள்ளையும் இப்படி நீற்றியவைதான். சுவரில் அடித்த பிறகு அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. அப்போது மீதி 114 கிலோஜூல் வெளிவருகிறது, ஆனால் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. சுவரைத் தொட்டால் யாருக்கும் தெரியாது.

64ஐயும் 114ஐயும் கூட்டுங்கள். 178. காளவாயில் வாங்கிய கடன் தொட்டியிலும் சுவரிலும் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. ஜெர்மைன் ஹெஸ் 1840இல் சொன்ன விதி இதுதான்: எந்த வழியாகப் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது.

நீற்றும்போது சுண்ணாம்பைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். குவியலின் மேல் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள்.

சிதைவு வினை எல்லாம் கொள் வினை, சேர்க்கை வினை எல்லாம் உமிழ் வினை என்று எழுதலாமா?

'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது மோலுக்கு 98 கிலோஜூல் வெளிவிடுகிறது. அம்மோனியம் டைகுரோமேட் எரிமலையும் சிதைவுதான், தணலாய்க் கக்குகிறது. மறுபக்கம் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்வது சேர்க்கை. அது கொள் வினை என்று மேலே கணக்கே போட்டோம்.

நடுநிலையாக்கலிலும் இதே எச்சரிக்கை. வலிமிகு அமிலமும் வலிமிகு காரமும் நீர்த்த கரைசல்களாகச் சேர்ந்தால் மோலுக்கு 57 கிலோஜூல் உமிழ்வு. அதைப் படித்துவிட்டுச் சமையல் சோடாவில் அமிலம் ஊற்றினால் குளிர்வதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. அங்கே திடப்பொருள் கரைய வேண்டும், வாயு பிரிந்து வெளியேற வேண்டும். அந்தச் செலவு வரவை விழுங்கிவிடுகிறது.

வெப்பம் இல்லாமல் வேறு ஆற்றலை வாங்கினாலும் கொள் வினையா?

ஆம். ஒளிச்சேர்க்கை ஒரு மோல் குளுக்கோஸுக்கு ஏறத்தாழ 2,800 கிலோஜூல் ஒளியாக வாங்குகிறது. நீரின் மின்னாற்பகுப்பு மோலுக்கு 286ஐ மின்சாரமாக வாங்குகிறது. எந்த வடிவில் வாங்கினாலும் விளைபொருள் மேல்படியில் நிற்கிறதா என்பதே கேள்வி.

சமநிலை வினையைச் சூடாக்கினால் எந்தப் பக்கம் நகரும்?

கொள் திசைப் பக்கம். நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு பிரிந்து பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுவது மோலுக்கு 57 கிலோஜூல் கொள்ளும் வினை. மூடிய குழாயை வெந்நீரில் வைத்தால் பழுப்பு அடர்கிறது. ஐஸில் வைத்தால் வெளுக்கிறது. வெப்பத்தையும் ஒரு வினைபடுபொருளாக இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று கேட்கும் லீ சாட்லியர் விதிக் கேள்விகள் பாதி தீர்ந்தன.

அடிபட்ட இடத்தில் வைக்கும், அழுத்தினால் குளிரும் பையில் என்ன இருக்கிறது?

உள்ளே ஒரு தண்ணீர்ப் பை, அதைச் சுற்றி அம்மோனியம் நைட்ரேட் அல்லது யூரியா. அழுத்தி உள்பையை உடைத்தால் அந்தப் பொருள் கரைந்து குளிரும். அம்மோனியம் நைட்ரேட் கரையும்போது மோலுக்கு 25.7 கிலோஜூல் கொள்ளும். வெடிமருந்தாகவும் பயன்படுவதால் இந்தியாவில் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் இல்லாமல் விற்கவோ வைத்திருக்கவோ முடியாது. சோதனைக்கு அதைத் தேடி அலையாதீர்கள். பையை நேராகத் தோலில் வைக்காமல் துணி சுற்றி வையுங்கள்.

நாக்கில் குளுக்கோஸ் பொடி வைத்தால் குளிர்கிறது, புதினா மிட்டாயும் குளிர்கிறது. இரண்டும் ஒன்றா?

குளுக்கோஸ் பொடி உமிழ்நீரில் கரையும்போது நிஜமாகவே நாக்கிலிருந்து வெப்பத்தை எடுக்கிறது. ஒரு பிடி பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி வெப்பமானியை வைத்தால் இறக்கம் தெரியும். புதினாவின் மென்தால் குளிரை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டிவிடுவதால் மட்டுமே குளிர்ந்ததாகத் தோன்றுகிறது. வெப்பம் எங்கும் போகவில்லை. வாயில் மிட்டாயைப் போட்டுக்கொண்டு வெப்பமானியை வைத்துப் பாருங்கள், அது அசையாது.